நாய்க்கு ஆள் தேடினேன்

சேசு மரி சூசை துணை.

தெரேஸ், லூர்து, இரண்டு பேருக்கும் அப்பா புதுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாசியுங்கள். புரியாத இடத்தில் அவளைக் கேளுங்கள். அவளுக்கும் புரியாவிட்டால் விட்டுவிட்டு மேலே போங்கள். இங்கே நடந்ததில் பாதி எனக்கே புரியவில்லை.

1

லூர்துவின் கடிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது ஸ்டோரில் சாமான் ஏற்றி இறக்குகிற அளவுக்கான இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு பார்த்ததில் நாய் என்ற சொல்லும் நடப்பது என்ற சொல்லும் வரிக்கு வரி வந்தன. அப்பா என்ற சொல்லைத் தேடினேன். கடிதத்தின் தலையில் ஒன்று இருந்தது.

"புள்ளைக என்னண்ணே எழுதியிருக்கு?" என்று அருளாயி அத்தை கேட்டாள்.

"எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டிருக்கான்" என்றேன்.

"என்னயக் கேட்டிருக்கானா?"

"எல்லாரும்னா நீயும்தானே."

லூர்து, நாய் தினமும் நடக்கிறதா என்று நீ கேட்டது நியாயமான கேள்விதான். புதுக் குவார்ட்டர்ஸில் நாய் வைக்கக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டதால், தாத்தாவின் ஆண்டு பூசைக்கு வருகிற நான் ஈத்தாமையும் கூட்டிவந்து இங்கே ஒரு நல்ல வீட்டில் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. ஜெட்டியில் நீங்கள் இருவரும் அழுத அழுகையில், கேட்டதற்கெல்லாம் சரி என்றேன். கட்டிப்போடக்கூடாது, சரி. மீன் முள் போடக்கூடாது, சரி. தினமும் காலையில் வாரைப் பிடித்து வெகுதூரம் நடத்திக் கூட்டிப்போகிற வீடாக இருக்கவேண்டும், சரி. முதல் இரண்டும் கஷ்டமில்லை. மூன்றாவதுதான் என்னை இந்தப் பாடு படுத்திற்று.

2

கப்பலில் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிகூட ஈத்தாமிடம் கேட்கவில்லை. நாகப்பட்டினத்தில் டாக்டர் என் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். ஈத்தாம் தானாகவே நாக்கை நீட்டிக்கொண்டிருந்ததால் அதைப் போகச் சொல்லிவிட்டார். ரயிலில் நான் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு வந்தேன். அது கார்டு வண்டியில் படுத்துக்கொண்டு வந்தது.

அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு என்னண்ணே பேரு?"

"ஈத்தாம்."

"அப்படின்னா?"

"மலாயில கறுப்புன்னு அர்த்தம்."

"கறுப்பு நாய்க்குக் கறுப்புன்னு பேரு வைக்கவா கடல் தாண்டிப் போனீங்க" என்று சொல்லிவிட்டுக் கோழிகளைக் கூடையில் போட்டு மூடினாள்.

உங்கள் மாமா அந்தோணி பஸ் ஸ்டாண்டில் ஏஜெண்டு. திருச்சி, கீரனூர், கீரனூர், திருச்சி என்று நாள் முழுக்கக் கூவுகிற மனிதர், வீட்டில் அதிகம் பேசமாட்டார். அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

"மாப்பிள்ளை, நாய நீங்களே வச்சுக்கங்களேன்."

"வச்சுக்கிருவோம் மச்சான். காவலுக்கு ஆச்சு."

"தினம் காலையில வெளிய நடத்திக் கூட்டிட்டுப் போகணும்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா நடந்துட்டுத் திரும்பி வரணும்."

"நாய்க்குச் சோறு போடுறது சரி மச்சான். நாய்க்கு ஆளு போடணுமா?" என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் அதற்குப் பிறகு இந்த ஊர் முழுக்கக் கேட்டது. விடை எனக்குத் தெரியவில்லை. பினாங்கில் துரைமார் செய்கிறார்கள், அதைப் பார்த்து என் பிள்ளைகள் செய்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்து நான் செய்கிறேன். யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான்.

3

ஆனாலும் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறது. ஆள் கிடைக்கிறவரை நானே நடத்தினேன். ஊரைச் சுற்றி நடந்தால் நல்ல வீடு கண்ணில் படும் என்பது என் யோசனை.

புதுக்கோட்டை டவுன், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி கட்டிய ஊர். வீதிகளெல்லாம் நேர்கோடு. வடக்கு இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, கிழக்கு நாலாம் வீதி என்று பேர்கூட வைக்காமல் எண்ணிவிட்டார்கள். இவ்வளவு ஒழுங்காக இருக்கிற ஊரில்தான் நான் வழி தப்பினேன். எந்த வீதியில் நின்று பார்த்தாலும் அடுத்த வீதி மாதிரியே இருக்கிறது. ஈத்தாம்தான் மோந்து மோந்து அத்தை வீடு இருக்கிற வடக்கு மூன்றாம் வீதிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இந்த ஊரில் நாய்கள் உண்டு. ஆனால் எல்லாம் தன்பாட்டுக்குப் போகும், தன்பாட்டுக்கு வரும். வார் போட்டு ஒரு மனிதன் கூடவே போவதை ஒருவரும் பார்த்ததில்லை. முதல் நாள் என்னை முனிசிபாலிட்டி நாய் பிடிக்கிற ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் நாயை அவசரமாக உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அந்தக் கதவத் தட்டுங்க. உள்ளதான் வச்சிருக்காங்க."

"நான் நாய் பிடிக்கிறவன் இல்லீங்க."

"பிடிச்சிருக்கீங்களே."

"இது என் நாயி."

"ஒங்க நாயி ஒங்களவிட்டு எங்கிட்டுப் போகப்போகுது? அதுக்கு ஏன் கயிறு?"

எதற்கும் சட்டப்படி இருப்போம் என்று முனிசிபல் ஆபீஸுக்குப் போய் லைசென்ஸ் கேட்டேன். குமாஸ்தா நல்ல மனிதர்.

"நாய்க்குச் சொந்தக்காரர் யாருங்க?"

"என் பிள்ளைங்க. பினாங்குல இருக்காங்க."

"அப்ப நாயும் பினாங்குலதான் இருக்கு."

"இந்தா, இங்க நிக்குதேங்க."

அவர் மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நிக்கலாம். இருக்க முடியாது" என்றார்.

வெளியே வந்து வெகுநேரம் யோசித்தேன். அவர் நாயைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

4

திருவப்பூர் டவுனைவிடப் பழைய ஊர். நெசவுக்காரர்கள் தெரு. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். விடிந்ததும் நடுத்தெருவில் பாவு நீட்டுவார்கள். அதாவது, நெய்வதற்கு வேண்டிய நூலையெல்லாம் தெரு நீளத்துக்குக் கவைக்குச்சிகளின்மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். நூறு வீணையைப் படுக்கவைத்த மாதிரி.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈத்தாம் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பார்த்து முடிப்பதற்குள் அது ஒரு முழம் நூலை நக்கி முடித்துவிட்டது.

பாவுக்காரர் கஞ்சிக் கையோடு ஓடிவந்தார். "பட்டுப்போல நூலு, நாய் நாக்க வச்சிருச்சே. எந்த ஊரு ஆளுய்யா நீ?"

மன்னிப்புக் கேட்டேன். வந்தது வந்தோம் என்று, கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு, நாய் ஒன்று வேண்டுமா, தினமும் நடத்தவேண்டும் என்றும் கேட்டுவைத்தேன். அவர் தன் தம்பியைப் பார்த்தார். தம்பி அவரைப் பார்த்தார்.

"நாங்க இங்க ஒக்காந்த இடத்த விட்டு எந்திரிச்சாத் தறி நின்னு போகும். நீங்க நாயோட சேந்து நடக்க ஆளு கேக்குறீங்க" என்றார் தம்பி. பிறகு ஈத்தாமைக் குனிந்து பார்த்து, "கஞ்சி எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார். ஈத்தாம் வாலை ஆட்டிற்று. "நல்லா இருந்துச்சாம்ணே" என்றார் அண்ணனிடம். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சுவாடிப் பக்கமும் கேட்டேன், புதுக்குளத்துக்கரையிலும் கேட்டேன். காவலுக்கு என்றால் எல்லாருக்கும் வேண்டும். நடக்க என்றால் கதவைச் சாத்தினார்கள். கப்பலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்புக்காகச் சரி என்று சொல்லி நாயை வாங்கிக்கொண்டு, நான் போனதும் கொல்லையில் கட்டிப்போடக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். உங்களுக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும் அல்லவா? ராத்திரி ஜெபம் சொல்லும்போது ஈத்தாம் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். அதைத் தாண்டி ஜெபத்தில் மனம் போகவில்லை.

5

பிறகு திருக்கோகர்ணம் போனேன். அங்கேதான் எல்லாம் தலைகீழாயிற்று, அதற்குக் காரணம் நீங்கள் இரண்டு பேரும்தான்.

திருக்கோகர்ணத்துக் கோவில் பாறையைக் குடைந்து செய்தது. யார் குடைந்தது என்று வாசலில் தேங்காய்க் கடைக்காரரைக் கேட்டேன். "பழைய ராசாங்க" என்றார். எந்த ராசா என்றேன். "ரொம்பப் பழைய ராசா" என்றார். தெரேஸ், உங்கள் கான்வென்ட் சரித்திரப் புத்தகத்தில் இதைச் சேர்த்துக்கொள்.

நான் வெளியிலேயே நின்று பாறையை அண்ணாந்து பார்த்தேன். வார் கையை இழுத்தது. பழக்கத்தில் "டூடோக்" என்றேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஈத்தாம் உட்கார்ந்தது. சந்நிதியைப் பார்த்து உட்கார்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். லூர்து, பிஸ்கட் கொடுத்துப் பழக்கினாயே, முன்னங்காலைத் தூக்கி சலாம் வைக்கிறது, அதையும் வைத்தது.

கோவில் வாசலில் வடை சுட்டுக்கொண்டிருந்த செல்லம்மா என்ற கடைக்காரி கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

வைரவருக்கு வாகனம் நாய் என்பது உங்களுக்குத் தெரியாது. அதிலும் கறுப்பு நாய். இந்தப் பக்கத்தில் வைரவரிடம் மக்களுக்குப் பயமும் பக்தியும் அதிகம். கறுப்பு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் காரியமில்லாமல் ஊர் ஊராக நடக்கிறான் என்றால், அதற்கு இவர்களுக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். வேண்டுதல்.

"எத்தன நாளு நேந்திருக்கீங்க சாமி?" என்று கேட்டாள் செல்லம்மா.

"வேண்டுதல் இல்லம்மா. சும்மா நடக்கிறேன்."

"வெளிய சொல்லக்கூடாதோ?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நாங்க வேதக்காரங்க." கழுத்திலிருந்த செபமாலையை எடுத்துக் காட்டினேன்.

செபமாலையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். "வேதக்காரவுக கையிலயே கயித்தக் குடுத்து நடக்கவிட்டிருக்குன்னா சாமி எவ்வளவு துடியா இருக்கணும்" என்று பக்கத்துக் கடையைப் பார்த்துச் சொன்னாள். ஒரு வடையை ஆறவைத்து ஈத்தாமுக்கு முன்னால் வைத்தாள். எனக்கு ஒன்றும் வைக்கவில்லை.

அன்று முதல் நாங்கள் அந்தப் பக்கம் போனால் வாசலுக்கு வாசல் தயிர்சாதம். எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வேண்டுதலின் கண்டிப்பாகவே ஆகிப்போயிற்று. "அவரு ஒத்துக்கவே மாட்டாரு, அப்படி ஒரு விரதம்" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

தேய்பிறை அஷ்டமி வைரவருக்கு உகந்த நாளாம். அது எனக்குத் தெரியாமல் அன்றைக்கும் போய்விட்டேன். தெரு முழுக்க ஆட்கள். செல்லம்மா வடையைக் கோத்து மாலையாகச் செய்து ஈத்தாமின் கழுத்தில் போட்டாள். ஈத்தாம் தலையைத் திருப்பித் திருப்பி மாலையைத் தின்றது. கழுத்துக்குப் பின்னால் இருந்த வடை எட்டாமல் தன்னைத்தானே சுற்றிற்று. "பிரதட்சணம்" என்றது கூட்டம்.

6

சேதி எங்களுக்கு முன்னால் மார்த்தாண்டபுரத்தில் இருக்கிற நம் வேதக் கோவிலுக்குப் போய்விட்டது. கோவில் உபதேசியார் அத்தை வீட்டுக்கு வந்தார். "ஒங்க அண்ணன் பினாங்குல போயி வைரவர் பூசாரியாயிட்டாராமே" என்று கேட்டார். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஈத்தாமோடு பேசினாள்.

தாத்தாவின் பூசைக்கு முன், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். அங்கே பேசியதை நானே வெளியில் சொல்வதால் குற்றமில்லை.

"நாயை வணங்கினாயா?" என்று சாமியார் கேட்டார்.

"இல்ல சாமி. நடத்திக் கூட்டிட்டுப் போனேன்."

"தினமுமா?"

"தினமும் சாமி."

"மழையிலுமா?"

"குடை பிடிச்சுக்கிட்டு."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும் சாமி."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. இருமல்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். நடந்துகொண்டே சொல்லலாம் என்றார்.

7

கப்பலுக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான். திருக்கோகர்ணத்தில் பிரகதம்மாள் என்று ஒரு அம்மாள். தயிர்சாதக் கூட்டத்தில் தினமும் முன்னால் நிற்கிறவர். அவர் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு, "கயித்த எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க" என்றார். "தினமும் நடக்கும். நான் பொறுப்பு."

நான் தேடிய சொல் அதுதான். ஆனாலும் பொய்யின்மேல் ஈத்தாமை விட்டுவர மனம் வரவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லிர்றேன். இது வைரவர் நாயி இல்ல. என் புள்ளைக வளத்த நாயி. கால் தூக்குறது, ஒக்கார்றது எல்லாம் பிஸ்கோத்துக்காகப் புள்ளைக பழக்கினது. நாளைக்குத் தெரிஞ்சு வெரட்டிவிட்டீங்கன்னா நான் அங்க இருந்து ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியும்" என்றார். "மெதுவாப் பேசுங்க. அவுக உள்ள இருக்காக."

"தெரியுமா?"

"வடைமாலையத் தின்ன தீனியப் பாத்தாலே தெரியலையா? என் கஷ்டம் வேற."

சொன்னார். அவர் வீட்டுக்காரர் ரெத்தினம் பிள்ளை. அரண்மனை பாண்டில் கிளாரினெட் வாசித்துப் பென்ஷன் ஆனவர். பென்ஷன் வந்த நாளிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. கால் இரண்டும் வீங்கிவிட்டது. தினமும் நடக்காவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நடங்கன்னா, எங்க நடக்கிறதுங்கிறாரு. முன்னாடி யானை போகுதா, பின்னாடி பல்லக்கு வருதா, நான் எதுக்கு நடக்கணும்ங்கிறாரு. வேலை இல்லாம நடக்கிறவன் பைத்தியக்காரனாம். நான் அழுதுகூடப் பாத்துட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாயக் கூட்டிட்டுப் போங்கன்னாலும் போகமாட்டாரு. வைரவர் உலாப் போகணும், வழி தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான்னு தெருவே வந்து சொன்னாப் போவாரு. தெருவுக்கு நான் சொல்லிட்டேன்."

"அவருகிட்ட உண்மையச் சொல்ல வேணாமா?"

"ஒங்க உண்மைய நீங்கதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களே. அவருகிட்டயும் சொல்லுங்க. கேக்க மாட்டாரு."

உள்ளே போய்ச் சொன்னேன். ரெத்தினம் பிள்ளை கால்களை முக்காலியின்மேல் நீட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு, "அது இருக்கட்டும். பொறப்பாடு எத்தன மணிக்கு?" என்றார்.

8

மறுநாள் காலையில் வாரை ஒப்படைத்தேன். பிள்ளை பாண்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் பூட்டவில்லை, வயிறு விடவில்லை. தெருக்காரர்கள் சண்டை போட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் தனக்கும் ஒரு நாள் கயிறு வேண்டும் என்றார், மண்டகப்படி மாதிரி முறை வைக்கச் சொன்னார். "கூட வரலாம். கயித்தத் தொடக்கூடாது" என்று பிள்ளை சொல்லிவிட்டார்.

"டூடோக்" சொல்லிக்கொடுத்தேன். சுருதி பார்க்கிற மாதிரி மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். ஈத்தாம் மூன்று தரமும் எழுந்து உட்கார்ந்தது.

கிளம்பினார்கள். முதல் பத்தடி பிள்ளை நொண்டினார். பிறகு பழைய ஊர்வலத் தாளம் காலில் வந்துவிட்டது போலிருக்கிறது. இடது வலது என்று எடுத்துவைத்தார். ஈத்தாமும் தலையை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் போயிற்று. பிரகதம்மாள் வாசலில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பழக்கத்தில் பின்னாலேயே போனேன். பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எங்க வாரீங்க?"

"சும்மாங்க."

"சும்மா எதுக்கு நடக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க."

நின்றுவிட்டேன். ஈத்தாமும் நின்று என்னைப் பார்த்தது. வார் இறுகியது. பிள்ளை இழுக்கவில்லை. தெரேஸ், இதை நீ குறித்துக்கொள், அவர் இழுக்கவே இல்லை. அது கிளம்புகிற வரை காத்திருந்தார். பிறகு இரண்டு பேரும் குளத்துப் பக்கம் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் தூரத்தில் மரத்தடியில் நின்று பார்த்துவந்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆகையால் லூர்து, உன் கேள்விக்குப் பதில்: நடக்கிறது. உன் அப்பா நடத்தியதைவிட நேராக நடக்கிறது.

கடைசி நாள் செல்லம்மாவிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று கோவில் வாசலுக்குப் போனேன். கையில் வார் இல்லை. தேங்காய்க் கடைக்காரர் என்னைப் பார்த்து, "தேங்கா வேணுங்களா?" என்றார். தினமும் வணக்கம் வைத்தவர்தான். செல்லம்மா வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே நிமிர்ந்தாள்.

"வெளியூருங்களா?" என்றாள். "வர்ற வழியில நாயோட நடக்கிற ஒரு வேதக்காரரப் பாத்தீங்களா? நாலு நாளாக் காணோம். இப்பப் பிள்ளைதான் கூட்டிட்டுப் போறாரு."

"அவரு ஊருக்குப் போறாருங்க. பினாங்குக்கு."

கரண்டி நின்றது. "அப்ப நாயி?"

"நாயி இங்கதான் இருக்கும்."

"அதான பாத்தேன்" என்று சொல்லி, அவள் மறுபடி வடையைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.